நம் செயலால் கடவுளின் மகிழ்ச்சி கூடுமா, குறையுமா?

"நான் ஜெபிக்காமல் தூங்கிப்போனால் ஆண்டவர் வருத்தப்படுவாரா? நல்லது செய்தால் அவருடைய சந்தோஷம் கூடுமா? அவர் மாறாதவர் என்கிறார்களே, அப்படியானால் இது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடவுள் நம்மைக் குறித்து மகிழ்கிறாரா என்பது ஒன்று. அந்த மகிழ்ச்சியின் அளவு நம் கையில் இருக்கிறதா என்பது இன்னொன்று. கிறிஸ்தவ மரபின் பெரும்பகுதி முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் சொல்லிவந்திருக்கிறது. கடந்த நூற்றாண்டில் இந்தப் பதிலை வலுவாக மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதையும் பின்னால் தருகிறேன்.

ஐயமில்லாமல் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குவோம். 1870 ஏப்ரலில் கத்தோலிக்கத் திருச்சபையின் முதலாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கோட்பாட்டு ஆவணம், கடவுள் தம்மிலும் தம்மாலும் முழுப் பேரின்பம் உடையவர் என்கிறது. அவர் உலகைப் படைத்தது தம் பேரின்பத்தைக் கூட்டவோ புதிதாக அடையவோ அல்ல, தம் நிறைவைப் படைப்புகளுக்குக் கொடுக்கும் நன்மைகளால் வெளிப்படுத்தவே என்றும் சொல்கிறது. கத்தோலிக்கரோடு பல விஷயங்களில் மோதிய சீர்திருத்த சபைகள் இதில் வேறுபடவில்லை. 1640களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் இரண்டாம் அதிகாரம், கடவுளுக்கு எந்தப் படைப்பும் தேவையில்லை, படைப்புகளிடமிருந்து அவர் மகிமையைப் பெறுவதும் இல்லை என்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரிவுகளில் முதலாவதும் கடவுளுக்கு உடலோ உறுப்புகளோ உணர்ச்சிப் பாடுகளோ இல்லை என்கிறது.

இதற்கு வேதாகம அடிப்படை உண்டு. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்கிறது ஐம்பதாம் சங்கீதம். கடவுள் தமக்கு ஏதோ தேவைப்படுவதுபோல மனிதர் கையால் பணிவிடை பெறுகிறவர் அல்ல என்று ஏதென்ஸில் பவுல் பேசினார் (அப்போஸ்தலர் 17:25). 1 தீமோத்தேயு 1:11-இல் கிரேக்க மூலத்தில் கடவுளுக்கு 'மக்காரியோஸ்' என்ற அடைமொழி வருகிறது. மலைப்பொழிவில் 'பாக்கியவான்கள்' என்று நாம் வாசிப்பதும் இதே சொல்தான். நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு அதை 'நித்தியானந்த தேவன்' என்று பெயர்த்தது. 'நித்திய' என்பது கிரேக்கச் சொல்லில் நேராக இல்லை. ஆனாலும் கடவுளின் ஆனந்தம் வந்து போவது அல்ல என்ற மரபின் கருத்தை மொழிபெயர்த்தவர்கள் அந்த ஒரு சொல்லுக்குள் வைத்துவிட்டார்கள். இந்த இடத்தில் பலர் யோபு 35-ஐயும் காட்டுவார்கள்: நீ பாவம் செய்தால் அவருக்கு என்ன நஷ்டம், நீதிமானாயிருந்தால் அவருக்கு என்ன லாபம் என்ற பகுதி. அது எலிகூவின் பேச்சு. அதே கருத்தை 22-ஆம் அதிகாரத்தில் சொல்லும் எலிப்பாஸைக் கடவுளே பிற்பாடு கண்டிக்கிறார். அதனால் அந்தப் பகுதியை மட்டும் வைத்து வாதத்தைக் கட்டாதீர்கள்.

மறுபக்கம் நிற்கும் வசனங்களும் எடை குறைந்தவை அல்ல. "அவர் உன்பேரில் கெம்பீரமாய்க் களிகூருவார்" என்கிறான் செப்பனியா. மனந்திரும்புகிற ஒரே பாவியினிமித்தம் பரலோகத்தில் மிகுந்த சந்தோஷம் உண்டாகும் என்றார் இயேசு. இதைத் தூதர்களின் சந்தோஷம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. லூக்கா 15:10-இல் இருப்பது "தேவனுடைய தூதருக்கு முன்பாக" உண்டாகும் சந்தோஷம், அதாவது அவர்கள் முன்னிலையில் வேறொருவர் மகிழ்கிறார். உவமையில் ஆட்டைத் தேடிப் போனவரும் மகிழ்கிறவரும் ஒருவரே. பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 4:30 கட்டளையே இடுகிறது. ஆதியாகமம் 6:6-இல் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார், அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது.

இந்த இரண்டு வகை வசனங்களும் ஒரே அதிகாரத்துக்குள் மோதிக்கொள்ளும் இடம் 1 சாமுவேல் 15. பதினொன்றாம் வசனத்தில், சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்று கர்த்தர் சொல்கிறார். இருபத்தொன்பதில், "மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல" என்கிறான் சாமுவேல். முப்பத்தைந்தில், கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று கதை சொல்பவரே எழுதுகிறார். மூன்று இடத்திலும் எபிரேயத்தில் ஒரே வினைவேர்தான். எழுதியவர் கவனக்குறைவாக எழுதிவிட்டார் என்று சொல்ல வழியில்லை, அத்தனை நெருக்கமாக இருக்கின்றன. நடு வசனம் சவுலைத் தள்ளிய தீர்ப்பு திரும்பாது என்பதை மட்டுமே சொல்கிறது என்பது ஒரு விளக்கம். முதலும் கடைசியும் மனித நடையில் சொல்லப்பட்டவை, நடு வசனமே அவற்றை வாசிக்கும் முறையைக் கற்றுத்தருகிறது என்பது மரபின் விளக்கம். முதலாவது விளக்கத்துக்குச் சூழல் துணை நிற்கிறது. ஆனால் 'மனுஷன் அல்ல' என்று சொல்லப்படும் காரணம் அந்த ஒரு தீர்ப்பைத் தாண்டிப் போகிறது. ஓசியா 11-இலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். என் இருதயம் எனக்குள் குழம்புகிறது என்று சொன்ன அடுத்த வசனத்திலேயே, நான் மனுஷனல்ல, தேவன் என்கிறார். உருக்கம் உண்டு, ஆனால் அது மனித உருக்கத்தின் அச்சில் வார்த்தது இல்லை.

அப்படியானால் அது எந்த வகை என்பதுதான் மரபு உழைத்த கேள்வி. இறையியலாளர்கள் பயன்படுத்திய லத்தீன் சொல் 'இம்பாசிபிலிஸ்'. அதன் உள்ளே இருப்பது 'பாஸியோ'. தமிழில் இதற்கு அசலான சொல் நம்மிடம் இருக்கிறது: பாடு. 'கிறிஸ்துவின் பாடுகள்' என்கிறோமே, அதே சொல். கோபப்படு, துக்கப்படு, ஆசைப்படு என்று உணர்ச்சிகளோடெல்லாம் 'படு' சேர்கிறது. வெளியிலிருந்து ஒன்று வந்து நம்மேல் படுகிறது, நாம் அதற்கு ஆளாகிறோம். கடவுள் இம்பாசிபிலிஸ் என்றால் இப்படி எதற்கும் ஆட்படாதவர் என்று அர்த்தம். உணர்வற்றவர் என்றோ விருப்பு வெறுப்பே இல்லாதவர் என்றோ இதைப் புரிந்துகொண்டால், மரபு சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணித்ததாகிவிடும். இந்த ஒரு இடத்தில் நடக்கும் பிழையால்தான் பலருக்கு இந்தக் கோட்பாடே கல்நெஞ்சக் கடவுளைப் பற்றியதாகத் தோன்றுகிறது.

13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதில் ஒரு துல்லியமான பிரிவினை செய்தார். அன்பும் மகிழ்ச்சியும் கடவுளுக்கு நேர்ப்பொருளிலேயே உண்டு, அவை உடலின் கொந்தளிப்பு இல்லாமல் சித்தத்தின் செயலாகவே இருக்க முடியும் என்றார். துக்கமும் கோபமும் அப்படி இல்லை. துக்கம் என்றாலே துக்கிப்பவருக்கு ஒரு குறை நேர்ந்திருக்கிறது என்று பொருள். ஆகவே அவை உருவகமாகவே சொல்லப்படுகின்றன. கோபம் என்பது தண்டிக்கும் நீதியைக் குறிக்கும். இரண்டு பக்கமும் சமமில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'கடவுள் உன்னில் மகிழ்கிறார்' என்பதும் 'கடவுள் உன்னால் துக்கப்படுகிறார்' என்பதும் அக்குவினாஸின் கணக்கில் ஒரே தரத்து வாக்கியங்கள் அல்ல. முதலாவதை எழுத்தின்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் முக்கியமானது, காரணமும் விளைவும் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது. நாம் ஒருவரை நேசிப்பது அவரிடம் ஏற்கெனவே இருக்கும் நன்மை நம்மை இழுப்பதால். கடவுளின் அன்பு முன்னே போய் அந்த நன்மையை உண்டாக்குகிறது என்றார் அக்குவினாஸ். பக்கத்து வீட்டு நோயாளிக்கு நீங்கள் கஞ்சி கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். அதைப் பார்த்த பிறகு கடவுளுக்குள் ஒரு மகிழ்ச்சி எழுகிறது என்றால், உங்கள் செயல் காரணம், அவர் மகிழ்ச்சி விளைவு. மரபு இதைத் திருப்பிப் போடுகிறது. அவருடைய மகிழ்ச்சி நிறைந்து வழிந்ததன் விளைவே அந்தக் கஞ்சி. தம் நன்மை உங்கள் கையில் இருப்பதை அவர் அறிந்து மகிழ்கிறார், ஆனால் அதனால் புதிதாக எதையும் பெறவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கச் சீர்திருத்த இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் ஊற்றை உவமையாகச் சொன்னார். ஊற்று பொங்கி வழிய முனைவதை அதன் வெறுமைக்கு அடையாளமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கடவுள் மாறாதிருக்க, அவரோடு நம் உறவு எப்படி மாறும் என்பதற்கு அக்குவினாஸ் தந்த எடுத்துக்காட்டு தூண். தூணுக்கு ஒரு பக்கம் நின்றவர் மறுபக்கம் போய்விட்டால், தூண் இப்போது எனக்கு இடப்புறம் இருக்கிறது என்பார். அவர் சொல்வது உண்மை, நகர்ந்தது அவர். இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு. தூணுக்கு நம்மைத் தெரியாது, கடவுளுக்குத் தெரியும். உறவின் மாற்றம் எங்கே நடக்கிறது என்பதைக் காட்டத்தான் தூண் உதவும். கடவுளின் அன்பு எப்படிப்பட்டது என்று அதிலிருந்து ஊகிக்கக் கூடாது.

துக்கமே இல்லாத கடவுளுக்கு இரக்கம் எங்கிருந்து வரும்? 11-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அன்செல்ம் கடவுளை நோக்கிய ஜெபமாகவே இதற்குச் சொன்ன பதில்: உம் இரக்கத்தின் விளைவை நாங்கள் உணர்கிறோம், உமக்குள் அந்த உணர்ச்சி இல்லை. இந்தக் கோட்பாட்டின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்பது என் கருத்து. இரக்கம் நம் பக்கத்து அனுபவமாக மட்டும் சுருங்கிவிடுகிறது. அக்குவினாஸ் இதைச் சரிசெய்தார். பிறர் துன்பத்துக்காகத் துக்கப்படுவது கடவுளுக்கு உரியதல்ல, அந்தத் துன்பத்தை நீக்குவதே அவருக்கு மிகவும் உரியது என்றார். இரக்கத்தின் மையத்தை அவர் உள்ளம் நோவதிலிருந்து கைகொடுப்பதற்கு மாற்றிவிட்டார். பாவத்தைப் பற்றி அவர் எழுதிய ஒரு வரி உங்கள் கேள்விக்கு நேராகவே பொருந்தும்: நம் சொந்த நன்மைக்கு எதிராக நாம் செய்வதைத் தவிர வேறெதனாலும் நாம் கடவுளைப் புண்படுத்துவதில்லை.

இதுவரை சொன்னது இறையியல்பைப் பற்றி. கிறிஸ்தவ விசுவாசம் இதோடு நிற்கவில்லை, இங்கேதான் பதில் உண்மையில் கிறிஸ்தவப் பதிலாகிறது. ஆயர்கள் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம் 451-இல் அறிக்கையிட்டபடி, இயேசு ஒரே ஆள், அவரில் இறையியல்பும் மனித இயல்பும் உண்டு. ஆகவே லாசருவின் கல்லறை முன் கண்ணீர் விட்டவர் கடவுளின் குமாரனே. ஓய்வுநாளில் தம்மைக் குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்களின் இருதயக் கடினத்தைப் பார்த்து அவர் விசனப்பட்டார் (மாற்கு 3:5). மனிதர் செயல் உண்மையாகவே அவர்மேல் பட்டது, அவருடைய மனித ஆத்துமாவில் பட்டது. 'பாடுபட்டு' என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அங்கே 'படு' முழுப்பொருளோடு நிற்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் ஆயர் அலெக்சாந்திரியாவின் சிரில் இதைப் பாடின்றிப் பாடுபட்டார் என்ற முரண்போல் ஒலிக்கும் தொடரால் சொன்னார். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிதாவே சிலுவையில் பாடுபட்டார் என்று போதித்தவர்களை வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எதிர்த்து எழுதினார், சபையும் அந்தப் போதனையை ஏற்கவில்லை. பாடுபட்டவர் மாம்சமான குமாரன்.

கத்தோலிக்கர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளிதோறும் இயேசுவின் திரு இருதயத்துக்கு ஆறுதலும் பரிகாரமும் செலுத்துகிறோம். ஆனால் அவர் இப்போது பரலோக மகிமையில் இருக்கிறாரே, ஆறுதல் யாருக்கு? இதே கேள்வியைத் திருத்தந்தை பதினோராம் பயஸ் 1928-இல் பரிகார பக்தி பற்றி எழுதிய சுற்றுமடலில் எடுத்துக்கொண்டார். வரவிருந்த நம் பாவங்களை முன்கூட்டியே கண்டு கெத்சமனியில் கிறிஸ்துவின் ஆத்துமா மரணமட்டும் துக்கப்பட்டது என்றால், வரவிருந்த நம் பரிகாரத்தையும் முன்கண்டு அவர் அப்போதே ஆறுதல் பெற்றார் என்பது அவர் பதில். லூக்கா 22:43-இல் வானதூதர் தோன்றித் திடப்படுத்தியதை அதனோடு இணைக்கிறார். இந்த வெள்ளிக்கிழமை நீங்கள் முழந்தாளில் இருக்கும் நேரம் அந்த இரவில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்கிறார். சீர்திருத்த சபையினர் இந்தப் பக்தியை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கடவுளின் பேரின்பத்துக்குக் குறை சொல்லாமல் நம் செயலுக்கு உண்மையான தொடுதலைக் கொடுக்க முயன்ற பதில்களில் இதைவிட நுட்பமானது அரிது.

இனி மறுப்பவர்கள் பக்கம். ஜப்பானிய லூத்தரன் இறையியலாளர் கசோ கிட்டாமோரி 1946-இல், போரில் சிதைந்த நாட்டிலிருந்து, கடவுளின் வேதனையே சுவிசேஷத்தின் இருதயம் என்று எழுதினார். என் உள்ளம் அவனுக்காகக் கொதிக்கிறது என்று எப்பிராயீமைக் குறித்துச் சொல்லும் எரேமியா 31:20 அவருடைய ஆதார வசனம். துன்பப்படும் கடவுள் மட்டுமே உதவ முடியும் என்று, நாஜிகள் சிறையிலடைத்த ஜெர்மன் லூத்தரன் போதகர் பான்ஹோஃபர் 1944 ஜூலையில் பெர்லின் சிறையிலிருந்து எழுதினார். 1943-இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது பதின்வயதில் உயிர் தப்பிய ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மான், துன்பப்பட முடியாத கடவுளால் நேசிக்கவும் முடியாது என்று 1972-இல் வாதிட்டார். கடவுளும் உலகோடு சேர்ந்து மாறுகிறார் என்று கருதும் செயல்முறை இறையியல் இன்னும் தூரம் போய், உலகில் நடப்பவை கடவுளின் அனுபவத்தையே வளப்படுத்துகின்றன என்கிறது. அந்தப் பள்ளியில் உங்கள் கேள்விக்கு வெளிப்படையான ஆம்தான் பதில். பழைய காலத்திலும் இந்தக் குரல் முழுக்க இல்லாமலில்லை. மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் ஒரிகேன் எசேக்கியேல் பற்றிய பிரசங்கம் ஒன்றில், பிதாவும் பாடற்றவர் அல்ல என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. மரபின் பதிலை அவர்கள் காலத்துச் சிறைகளிலும் சாம்பல் மேடுகளிலும் நின்று சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் நான் மரபோடு நிற்கிறேன். கடவுளின் மகிழ்ச்சி நம்மைச் சார்ந்தது என்றால், அவர் நம்மை நேசிப்பதில் அவருக்கும் ஒரு தேவை கலந்துவிடுகிறது. அப்போது கிருபை முழு இனாமாக இருக்காது. உலகின் வேதனையில் கடவுளும் சிக்கியிருக்கிறார் என்றால், அதிலிருந்து அவரை மீட்பவர் யார் என்ற கேள்வியும் எழுகிறது.

மரபின் பக்கத்திலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கடவுள் சுதந்திரமாகப் படைத்தார், படைக்காமலும் இருந்திருக்கலாம். நீங்கள் மனந்திரும்பினீர்கள், திரும்பாமலும் இருந்திருக்கலாம். இரண்டு நிலையிலும் கடவுளுக்குள் எதுவுமே வேறாக இருந்திராது என்றால், உங்களைக் குறித்து மகிழ்கிறார் என்ற வாக்கியத்தில் 'உங்களை' என்பது எங்கே ஒட்டுகிறது? மகிழ்ச்சியின் அளவு மாறாது, அது தழுவும் பொருள் மட்டும் வேறு என்று பலர் பதில் சொல்கிறார்கள். பகுதிகளாகப் பிரிக்க முடியாத கடவுளில் அந்த வேறுபாடு எப்படி அமையும் என்று தத்துவத்துறையில் இன்றும் விவாதம் நடக்கிறது. மரபையே ஏற்பவர்களுக்குள்ளும் இதில் ஒருமித்த விடை இல்லை.

இனி அன்றாடத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் குழப்பம் அதிகம் காயப்படுத்துவது அங்கேதான். ஜெபிக்காமல் தூங்கிய இரவு கடவுளின் பேரின்பத்தில் ஒரு துளியையும் குறைக்கவில்லை. இழந்தது நீங்கள், மறுநாள் காலையில் எழுந்து ஜெபியுங்கள். காணிக்கையும் நேர்ச்சையும் அவர் மனநிலையைச் சரிசெய்யும் கட்டணம் ஆகாது. ஐம்பதாம் சங்கீதம் கண்டிப்பது அந்த எண்ணத்தைத்தான். அவை நன்றியாக இருக்கும்வரை நல்லவை. பிரசங்கத்தில் 'ஆண்டவர் அழுகிறார்' என்று கேட்டால் மூன்றைப் பாருங்கள்: எந்த வசனம், அதில் பேசுவது யார், முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் என்ன. எபேசியர் 4:30-இல் இதைச் செய்து பாருங்கள். 29-ஆம் வசனம் கெட்ட வார்த்தையைப் பற்றி, 31-ஆவது கசப்பையும் கூக்குரலையும் தூஷணத்தையும் பற்றி. ஆவியானவரைத் துக்கப்படுத்துவது என்று பவுல் சொல்வது, சபைக்குள் ஒருவரையொருவர் வாயால் கிழிப்பதை. அதே வசனத்தில் அந்த ஆவி மீட்பின் நாள்வரைக்கும் முத்திரை என்றும் இருக்கிறது. கோபித்துக்கொண்டு எழுந்துபோகிறவரைப் பற்றி யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

குழந்தைகளிடம் 'நீ இப்படிச் செய்தால் இயேசப்பா அழுவார்' என்று சொல்வது நம் வீடுகளில் சாதாரணம். அன்பால் சொல்வதுதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது: கடவுளின் கண்ணீருக்குத் தானே பொறுப்பு என்று. அதற்குப் பதிலாக, 'தம்பியை அடிச்சா அவனுக்கு வலிக்கும்ல, அதனாலதான் இயேசப்பாவுக்கு இது பிடிக்காது' என்று சொல்லலாம். பாவத்தைப் பற்றி அக்குவினாஸ் எழுதிய வரிக்கு இது நெருங்கிய உறவு. பெரியவர்களில் சிலருக்கு இந்தப் பயம் முற்றி, ஒவ்வொரு நினைப்பிலும் கடவுளைப் புண்படுத்திவிட்டோமோ என்று துடிப்பார்கள், அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிடுவார்கள். உங்கள் நிலை அதுவானால், இத்தனை விளக்கமும் அதைத் தீர்க்காது. ஒரே குருவானவரிடம் அல்லது ஒரே போதகரிடம் தொடர்ந்து போங்கள், மன்னிக்கப்பட்டதை மீண்டும் சொல்லாதீர்கள் என்பது ஆன்மீக வழிகாட்டிகள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் விதி. பதற்றம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் எந்த முரணும் இல்லை.